மாத அறிக்கை, ஒடுகத்தூர் கிளை

தலைமைச் சபைக்கு வணக்கம்.
இம்மாதம் புதிதாகச் சேர்ந்தவர் மூவர்.
மூவருக்கும் எழுபதுக்கு மேல்.
இளைஞர் என்ற கட்டத்தில்
வழக்கம்போல் கோடு.

தரையில் அமர்ந்து ஒரு மணி நேர மௌனம் என்பது
இங்கே நாற்காலியில் என்று மாறிவிட்டது.
உட்கார முடியாதென்று யாரும் சொல்லவில்லை.
உட்கார்ந்தவர்களை எழுப்ப ஆள் போதவில்லை,
அவ்வளவுதான்.
பிளாஸ்டிக் நாற்காலி இருபது. ரசீது இணைப்பில்.

யுகம் விரைவில் முடியும் என்ற பாடத்தை
நீங்கள் அனுப்பியபடியே நடத்தினேன்.
எத்திராஜுலு கையைத் தூக்கினார்:
"மாங்கா சீசனுக்கு முன்னாடியா, பின்னாடியா?"
தோப்பைக் குத்தகைக்கு விட வேண்டுமாம்.

பிள்ளைகள் ஆம்பூர் ஷூ கம்பெனியில், ஓசூரில்.
ஒருவன் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான்.
போன மயானக் கொள்ளைக்கு
அங்காளம்மன் டிராக்டரில் போனாளாம்,
தோள் கொடுக்க ஆளில்லாமல்.
இது நமக்குச் சாதகம் என்று
சென்ற அறிக்கையில் எழுதியிருந்தேன்.
அந்த வரியைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் தேதி இரவு
ராஜகாந்தம் அம்மாள் காலமானார்.
உறுப்பினர் எண் நாற்பத்தொன்று.
தெருவில் பாரம் தூக்கக்கூடியவர்கள் மூன்றே பேர்,
அதில் ஒருவருக்குக் குடலிறக்கம்.
வேலூரிலிருந்து நம் வேன் வந்தது.
வெள்ளைச் சட்டையில் நான்கு பையன்கள்.
அந்த அம்மாள் ஒருநாளும் பார்த்திராத முகங்கள்.
மேளம் கூடாது, ஒப்பாரி கூடாது, நம் விதி.
செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது
சுடுகாடு வரைக்கும்.
பையன்களில் ஒருவன்
வழியில் தோள் மாற்றிக்கொண்டான்,
தன் வீட்டுச் சாவைத் தூக்குகிறவன் மாதிரி
பதனமாக.

மறுநாள் காலை வந்தவர்கள்தான் அந்த மூவர்.
பாடம் கேட்கவில்லை. பிரசுரம் வாங்கவில்லை.
முனிரத்தினம் கேட்டது ஒன்றுதான்:
"போன் பண்ணா வேனு எம்மா நேரத்துல வரும்?"
ஒன்றரை மணி நேரம் என்றேன்.
மழையென்றால் கூட ஆகும் என்பதையும்
மறைக்கவில்லை.

படிவத்தில் சேர்ந்த காரணம் என்ற இடத்தில்
'ஒளியைக் கண்டேன்' என்று
அச்சடித்தே வருகிறது.
நான் அதில் கை வைக்கவில்லை.
கீழே மூன்று கைரேகைகள்,
ஒன்று கொஞ்சம் இழுத்துவிட்டது.

பி.கு.
என் உறுப்பினர் அட்டை
காலாவதியாகி எட்டு மாதம்.
மகள் துபாயில் என்பது தங்களுக்குத் தெரியும்.
புதுப்பித்து அனுப்பவும்.
அவசரமில்லை,
இருந்தாலும்
இந்த வாரத் தபாலில்.