தனிப் பீங்கான்

ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கட்டி,
ஐஸ்கட்டிக்குள் பொலித்தீன்,
பொலித்தீனுக்குள் குப்பி,
குப்பிக்குள் விடியற்காலை எடுத்த நான்.

மூதூரிலிருந்து ஆறு பத்து பஸ்.
மடியில் டப்பா, அதன்மேல் ஐந்து மாத வயிறு.
"என்ன, வட்டிலப்பமா?" என்கிறாள் பக்கத்து சீற்காரி.
தலையாட்டுகிறேன். வேறென்ன செய்ய.
கங்கைப் பாலத்தில் பஸ் குலுங்க
இரு கையாலும் பொத்திக்கொள்கிறேன்
வட்டிலப்பத்தைப் போலவே.

போன கிழமை கிளினிக்கில்
நிரோஜினி என்றொரு பிள்ளை, கம்பஸில் ஆய்வு செய்கிறதாம்,
பிள்ளை பெறும் வயதுக்காரிகளிடம் மட்டும் கேட்டது:

வீட்டில் எத்தனை பேர்?
ஒன்பது. பெருநாளைக்குப் பதின்மூன்று.
அறைகள்?
இரண்டு. குசினியையும் எண்ணலாமா?
தண்ணீர்?
கிணறு. கிணறு உவர்த்தால் பவுசர்.
கொதிக்கவைப்பீர்களா?
பிள்ளைகளுக்கு மட்டும். காஸ் விற்கிற விலையில் எனக்கெதற்கு.
(ஆம், இல்லை, இரண்டே கட்டம்.
பேனையைத் தூக்கியபடி நின்றது பிள்ளை.)
படிப்பு?
ஓஎல். கணக்கில் ஒருமுறை தோற்றேன்,
அதைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.
நெஞ்செரிவு எப்போதிருந்து?
கல்யாணத்திலிருந்து.
சிரித்தது. எழுதவில்லை.
மற்றவர்களோடு ஒரே பீங்கானில் சாப்பிடுவீர்களா?

எனக்கு விளங்கவில்லை.
மற்றவர்கள் என்றால் யார்?

முடிவு வந்தது. பொசிற்றிவ்.
திருகாணிபோல் முறுகிய கிருமியாம்,
இரைப்பைப் புளிப்புக்குள்ளும்
குடியிருக்கத் தெரிந்தது.
முருங்கையிலை, பயறு, இரும்புக் குளிசை
எல்லாம் தின்றும் ஏறாமல்
எட்டு தசம் ஏழில் நின்ற என் இரத்தத்துக்கு
இதுவும் ஒரு காரணமாய் இருக்கலாம் என்றார் டொக்டர்.
"அநேகமாய்ச் சின்ன வயதிலேயே வந்திருக்கும்."

சின்ன வயது என்றால்
கந்தளாய்க் கூடாரம்.
ஒரு தாங்கி. நாற்பது குடும்பம்.
யாரும் எடுத்துப் போகாமலிருக்கச்
சங்கிலியில் கட்டிய ஒரு கோப்பை.
எனக்குப் பத்து வயது. தண்ணீர் இனித்தது.

மருந்து, பிள்ளை பிறந்த பிறகுதான்.
பதினான்கு நாள், மூன்று வகைக் குளிசை.
அதுவரை?
கை கழுவுங்கள், கொதித்தாறிய தண்ணீர்,
தனிப் பீங்கான்.

மதினியின் மகளுக்குக் கல்யாணம்.
சஹனைச் சுற்றி ஐந்து பேர் இருந்து
ஆறாவதாய் எனக்கு இடம் விட்டிருந்தார்கள்.
நான் பீங்கானோடு வந்தேன்.
ஐந்து கையும் சோற்றில் நின்றன.
"ஆரோட கோவம்?"
எங்கள் வீடுகளில் தனித்துத் தின்ன
அது ஒன்றுதான் காரணம்.
காஸ்ட்ரைட்டிஸ் என்றேன்.
கிருமி என்ற சொல் தொண்டைவரை வந்து திரும்பிற்று.
சொன்னால்
அந்த ஐந்து கையும் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கும்.
ஸுமையா ராத்தா எதுவும் பேசவில்லை.
கோழியில் நல்ல துண்டாய்ப் பிய்த்து
என் பீங்கானில் வைத்தாள்.
விரலைச் சூப்பிவிட்டு
இன்னொன்றும் வைத்தாள்.

தின்றேன்.

இரவு சின்னவனுக்குச் சோறு.
பாரைமீன், முள் இருக்கும்.
துண்டை என் வாயிலிட்டு நாக்கால் முள் தேடி
எடுத்து அவன் வாயில் வைப்பதுதான் வழக்கம்,
உம்மா எனக்கு வைத்ததுபோல்.
உதடுவரை போன விரலை நிறுத்தினேன்.
லைட்டுக்குக் கீழே பிடித்து
நகத்தால் ஒவ்வொரு முள்ளாய் எடுக்கிறேன்.
நேரம் போகிறது.
வாயைத் திறந்தபடியே இருக்கிறான்,
கண் இரண்டும்
என் வாயில்.