417ஆம் கட்டம், மாளிகாவத்தை

காலை பத்து இருபதுக்கு
எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில்
கொழும்பைக் கடந்து போகிறது அது.
வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு பஸ்
கதவைத் திறந்து மூடும் நேரம், அவ்வளவுதான்.
பதினாறு நாளைக்கு ஒருதரம்.
அதிலும் பாதி நாள் முகில்.

போன வருடம் முழுக்கச் சேர்த்து
எனக்குக் கிடைத்த தெளிந்த காலைகள் நாலு.
நாலையும் ஒட்டுப்போட்டு
நகரத்துக்கு ஒரு காய்ச்சல் படம் செய்கிறேன்,
பத்தரமுல்லையில், ஏசி பதினெட்டில்,
தோளில் சால்வையோடு.

சூத்திரம் எளியது.
கூரையின் சூடு, கீழே நெருங்கிக் கிடக்கும் சனம்,
அறுபது தாண்டியோர், ஐந்து வயதை எட்டாதோர்
எல்லாம் பெருக்கி
மரங்களால் வகுக்க வேண்டும்.
கறுவாத்தோட்டத்தில் வகுக்க நிறைய இருக்கிறது.
புறக்கோட்டைக்கு வந்ததும்
பூச்சியத்தால் வகுக்க முடியாதென்று
கணினி நின்றுவிட்டது.
நானே ஒரு மரம் நட்டேன்:
தசம் பூச்சியம் பூச்சியம் ஒன்று.

துறைமுகம் சிவப்பு. மருதானைத் தண்டவாளம் சிவப்பு.
கிராண்ட்பாஸ் செம்மஞ்சள்.
மாளிகாவத்தையில் ஒரே ஒரு கட்டம் மட்டும்
வாவியைப் போல நீலம்.
நல்ல செய்தி, என்றார் நிரோஷினி மிஸ்.
நான் வெப்பமானியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த நீலத்துக்குள் எழுபத்தெட்டு வீடு, ஒரு பைப்.
எல்லாக் கூரையிலும் புத்தம்புதுத் தகரம்,
தேர்தலுக்கு முந்திய மாதம் கொடுத்தது.
மினுங்கும் தகரம்
தன் சூட்டை மேலே சொல்லாது,
வானத்தின் குளிரைத்தான் திருப்பிக் காட்டும்.
துருப்பிடித்த பழசென்றால்
உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கும்.

பதினோராம் இலக்கத்தில்
மசாஹிரா தையல் மெஷினை நிறுத்திவிட்டு
கதிரையைத் துடைத்துத் தந்தாள்.
பிற்பகல் மூன்று மணி.
உள்ளே நாற்பத்தொன்று தசம் ஆறு.
கத்தரிக்கோல் சுடுகிறதென்று
பிடியில் துணி சுற்றியிருந்தாள்.
ஃபேன் ஒரு மூலைச் சூட்டை அள்ளி
மறுமூலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை சித்திரையில் மௌத்.
புறக்கோட்டையில் வண்டி இழுத்தவர்.
தலை இடிக்கிறதென்று மத்தியானம் வந்து படுத்தார்,
வியர்வை நின்றுபோயிருந்தது, என்றாள்,
தோல் அப்பச்சட்டி மாதிரி.
பத்திரத்தில் மாரடைப்பு.
என் படத்தின் இரண்டாம் அடுக்கு
ஆஸ்பத்திரிப் புள்ளிகளால் ஆனது.
அதிலும் அவர் இல்லை.

கைக்கணினியில் படத்தைக் காட்டினேன்.
இரண்டு விரலால் பெருப்பித்தாள்;
கட்டம் பெருத்தது, வீடு வரவில்லை.
"இது எங்கட ஊடா, மிஸ்? நல்ல கலர்."

பிழையான கலர், என்றேன்.
திருத்தினால் கடும் சிவப்பு வரும்.

மெஷின் சில்லில் அவள் கை நின்றது.
"செவப்பு வாணாம் மிஸ்.
அங்கால தோட்டத்தில
கதவெல்லாம் செவப்புல நம்பர் அடிச்சிட்டுப் போனாங்க.
ரெண்டு மாசத்தில பெக்கோ வந்திச்சு.
இப்ப அவங்க பதினாலாம் மாடி.
லிஃப்ட் ஓடுறல்ல.
ஒரு சட்டை தைக்க
ஆரு பதினாலு மாடி ஏறி வருவாங்க?"

இது வேறு சிவப்பு, என்றேன்.
மரமும் தண்ணீரும்
கூரைக்கு வெள்ளைப் பூச்சும் கொண்டுவரும் சிவப்பு.
சொல்லும்போதே
அறிக்கையின் பதினேழாம் பக்கம் போலக் கேட்டது.

அன்றிரவு தகரத்துக்கான எண்ணைத் திருத்தினேன்.
417 நீலத்திலிருந்து குதித்து
படத்திலேயே கொடிய நிறத்தில் போய் விழுந்தது.
சரியான விடை.
ஊதா போட்டுப் பார்த்தேன், கபிலம், கறுப்பு.
அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்:
இது ஆட்களை எழுப்புவதற்கான படம் அல்ல.
நிரோஷினி மிஸ் அதை வெட்டுவார், தெரியும்.
கோப்பை இன்னும் அனுப்பவில்லை.

பதினாறாம் நாள் பத்து இருபதுக்கு
மொட்டைமாடியில் ஏறி நின்றேன்.
கடல் பக்கமிருந்து வந்த முகில்
நகரத்தை மூடிக் கிடந்தது.
காற்றில்லை. புழுக்கம்.
இன்றைய படம் வெறும் வெள்ளை.

மசாஹிராவுக்கு எடுத்தேன்.
பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம்.
"சாக்கு நனைச்சுக் கூரையில போட்டிருக்கன் மிஸ்.
மேலேருந்து தெரியுதா?"