வியாழன், இரண்டு மணி

சாவு சொல்லிக்கொண்டா வரும் என்பார்கள்.
ரெய்ண்டரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தது:
வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.
புதன்கிழமை பௌகியேவுக்குப் பல் பிடுங்க வேண்டும்,
அதைத் தள்ளிப்போடாதே என்று அவரே சொன்னார்.

நான் மாட்டு வைத்தியர்.
ஃப்ரீஸ்லாந்தின் இந்தப் பதினோரு பண்ணைகளில்
எந்த மாடு எந்தக் காலால் உதைக்கும் என்று தெரியும்.
மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு தெளிவு போதாது.

மார்ச்சில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.
கன்று எதுவும் நோயில் இல்லை.
கைகள் அப்போதே போயிருந்தன;
காப்பிக் கோப்பையில் உறிஞ்சுகுழல்.
"யெல்டாவுக்கு ஊசி போட்டாயே,
எத்தனை நிமிடம்?"
நான்கு, என்றேன்.
"எத்தனை படிவம்?"
ஒன்றுகூட இல்லை.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
பௌகியே ஓடிவந்து முதுகைத் தாங்கினாள்.
"ஒரு குதிரைக்குக் கிடைத்த மரியாதை
எனக்குக் கிடைக்க இரண்டு டாக்டர்,
ஒரு விசாரணைக் குழு,
போதாததற்குத் தம்பியின் ஜெபம்."

எல்லோரும் சொல்வதுதான்.
தேர்தல் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், கைதட்டலோடு.
எனக்கு மட்டும் அது தொண்டையில் முள்.
யெல்டா என்னிடம் எதையும் கேட்கவில்லை.
லாயத்தில் நின்றபடி என் சட்டைப்பையை முகர்ந்தாள்,
சர்க்கரைக்கட்டி இருக்குமென்று.
இருந்தது. கொடுத்தேன்.
பிறகு ஊசி.
அவள் காலம் முடிந்ததென்று முடிவெடுத்தது
நானும், அவரும், வைத்தியச் செலவுக் கணக்கும்.
அதற்கு மரியாதை என்று பெயர் வைக்காதீர்கள்.
படிவங்கள் கனக்கட்டும்.
ஒரு மனிதன் கேட்கிறான் என்பதை
நாலு தரம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

இதை அவரிடமே சொன்னேன்.
"அப்படியென்றால் நீ தம்பி கட்சியா?"
இல்லை என்றேன்.
"பிறகு என்ன கட்சி?"
மாடு ஒன்று கத்தியது. எழுந்து போனேன்.

தம்பி ஓபே சபை மூப்பர்.
அந்தச் சட்டம் வந்த வருடம்
பேருந்து பிடித்து தி ஹேக் வரை போய்
தெருவில் நின்று சங்கீதம் பாடியவர்.
"உயிர் சொந்த நிலமல்ல, குத்தகை" என்பார்.
"குத்தகைக்காரன் தவணைக்கு முன்னால்
சாவியைத் திருப்பித் தரக்கூடாதென்று
எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?" என்பார் அண்ணன்.
ஆறு மாதம் நடந்தது இந்த வழக்கு, சமையலறையில்.
தீர்ப்பு வரவில்லை. சூப் ஆறியது.

வியாழன்.
ஒன்றரைக்கு வந்தார் ஓபே,
சபைக்குப் போகும் கறுப்புக் கோட்டில்.
அண்ணன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.
ஐந்து நிமிடம். என்ன பேசினார்களோ.
வெளியே வந்து
கோட்டைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டு
மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைக்
கொட்டகைக்கு ஓட்டிவரத் தொடங்கினார்.
கறவைக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறதே, என்றேன்.
"தெரியும்."

டாக்டரின் கார் வந்தது.
கன்னம் வீங்கிய பௌகியே கதவைத் திறந்தாள்.
உள்ளே போனதும் டாக்டர் இன்னொரு தரம் கேட்பார்,
வேண்டாமென்றால் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.
அது எனக்குத் தெரியும்.
சர்க்கரைக்கட்டி இல்லாத பையில் கையை விட்டபடி
முற்றத்திலேயே நின்றேன்,
காரைப் பார்த்துக்கொண்டு.

இரண்டே கால்.
இரண்டரை.
கார் கிளம்பவில்லை.

ஓபே ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று
மாடுகளை எண்ணினார்.
மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.
பிறகு என்னிடம் வந்து
"நாற்பத்து மூன்று" என்றார்.

நான் கேட்கவில்லை.