தண்ணீர் வராத இரவு

டிவிஷன் ஆபீசில் மே மாதம் கரண்ட் போனால்
யாராவது அந்தப் பேச்சை எடுத்துவிடுவார்கள்.
"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"
எந்த அன்னிக்கு என்று கேட்கும் வயதில்
புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.
மற்றவர்களுக்கு வருஷம் சொல்லத் தேவையில்லை.

முனவர் சார் மகாராணியில் இரண்டாம் ஆட்டம்.
பாதியில் விளக்கைப் போட்டார்களாம்.
குமுதவல்லிக்கு வலி கண்டுவிட்டது,
ஸ்டான்லிக்குப் போக ரிக்‌ஷா இல்லாமல்
மீன் வண்டியில் போனாளாம்.
(வருஷா வருஷம் அந்த வண்டியில்
ஐஸ் கூடிக்கொண்டே போகிறது.)
என் முறை வரும்போது
"தூங்கிட்டிருந்தேன்" என்பேன்.
"கொடுத்து வச்சவங்க" என்று சிரிப்பார்கள்.

தூங்கவில்லை.
கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில்
பிளாட்ஃபாரத்தின் கடைசி விளக்குக்கும் அப்பால்
இடுப்பில் பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு நின்றேன்.

அந்த வருஷம் எங்கள் தெருப் பம்பில்
நடுராத்திரிக்குப் பக்கத்தில்தான்
தண்ணீர் எட்டிப் பார்க்கும்.
பத்தொன்பது வயதுப் பெண்ணை
அந்நேரத்துக்கு யாரும் எங்கே என்று கேட்காதிருக்க
ஒரு குடம் போதும்.
குடத்துக்குள்
சுருட்டித் திணித்த இரண்டு புடவை,
எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்,
நூற்றுப் பத்து ரூபாய்.

மீஞ்சூரிலிருந்து ஒன்பது ஐம்பது வண்டி.
கடைசிப் பெட்டி, கதவோரம்.
"நான் எறங்க மாட்டேன், நீ ஏறிக்கோ" என்றிருந்தான் திலகராஜ்.
வண்டி வந்தது.
கதவோரம் வெற்றுக் கூடையோடு ஒரு அம்மா
என்னைப் பார்த்து நகர்ந்து இடம்விட்டாள்.
நான் ஏறவில்லை.

அடுத்த வண்டியையும் பார்த்தேன்.
கொடுங்கையூர்ப் பக்கம் குப்பை எரிந்த புகை
காற்றில்லாமல் அங்கேயே நின்றது.
அதற்கப்புறம் வண்டி இல்லை.
தண்டவாளத்தோடு ஒருவன் ஓடிவந்தான்,
"ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு, போயிட்டாரு, போயிட்டாரு"
என்று எனக்குச் சொல்லி
எனக்குப் பின்னால் இருந்த இருட்டுக்கும் சொல்லிக்கொண்டே போனான்.

தெருவுக்குத் திரும்பினால்
மொத்தத் தெருவும் வெளியே.
கொடிக்கம்பத்தைச் சாய்க்க
நாலு பேர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.
ரங்கூன் பாய் கடைக் கதவை இரண்டாம் முறை பூட்டினார்.
பம்படியில் குடங்கள் வரிசை குலையாமல் இருந்தன,
ஆட்கள்தான் இல்லை.
கூட்டத்துக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்:
"வந்துச்சா?"
"வரல."
"எங்க வரும், இந்த நாள்ல" என்று
என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கினாள்.
உள்ளே காகிதம் சரசரத்தது.
காது கேட்டிருக்கும்.
வாயை முந்தானையால் மூடிக்கொண்டு
யாரோ பெற்ற பிள்ளைக்காக அழுதாள்.

மறுநாள் பந்த். பம்பில் தண்ணீர் வந்தது.
தம்பி அந்தக் குடத்தைத்தான் கொண்டுபோய் வைத்தான்.
கணக்கில் என் மார்க் என்னவென்று
இன்றைக்கும் தெளிவாகப் படிக்க முடியாது.
சர்வீஸ் ரெஜிஸ்டருக்குச் சரிபார்த்தவர்
"என்னம்மா கறை?" என்றார்.
"மழைத் தண்ணி சார்."

ஒரு மாதம் கழித்து இன்லண்டு லெட்டர் வந்தது.
நாடே நின்னுபோச்சு, நான் எப்படி வருவேன்,
உனக்குத் தெரியாதா.
தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.
பதில் போடவில்லை, கோபமும் படவில்லை.
அத்தனை பெரிய சாவின் முன்னால்
கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது.

பல வருஷம் கழித்து
பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில்
அந்த நாளைப் பற்றி எழுதியிருந்தார்கள்.
அங்கேயும் கூட்டம் காத்துத்தான் நின்றிருக்கிறது,
வர வேண்டியவருக்குத் தாமதம்.
எண்ணெயில் ஊறிய இடத்தில்
நேரம் போட்டிருந்தது: இரவு பத்து இருபது.

ஒன்பது ஐம்பது.
பத்து இருபது.
கணக்கில் என்ன மார்க் வாங்கியிருந்தாலும்
இது வரும்.

அந்த அரை மணி நேரம்
நாடு நன்றாகத்தான் இருந்தது.