காலிக் கட்டம்

மண்டபத்தில், நண்டுக் கம்பெனியின் ஏசி அறையில் உட்கார்ந்து
பதினோரு வரைபடம் செய்தேன்.
கேட்டவர்களுக்குக் கேட்டபடி.
முதலாளிக்குத் துண்டு துண்டாய் வெட்டிய வட்டம்,
மேலாளருக்கு ஏறி இறங்கும் கோடு,
தூத்துக்குடி ஆபீசுக்கு
கரை நெடுகப் புள்ளி வைத்த நிலப்படம்:
தொட்டால் தொண்டி பெரிதாகும்
விட்டால் சுருங்கும்.
கைதட்டினார்கள். வடை வந்தது.

மூன்றாம் வாரம் எண்ணிப் பார்த்தேன்.
அதற்கும் ஒரு திரை வைத்திருந்தேன்,
யார், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று.
எடைக்கூடத்திலிருந்து
ஒரே ஒரு தடவை.
ஒன்பது நொடி.

விடிகாலை நாலு மணிக்கு அங்கே போய் நின்றேன்.
ஈரக்கை பட்டால் தொடுதிரை அசையாது என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
பிரிஸ்கா முழங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.
எங்கிருந்தோ தெறித்த மீன்செதில் ஒன்று
போன மாத லாபத்தின் மேல் ஒட்டிக் காய்ந்திருந்தது.

ஐஸ் உடைக்கும் கருமலையான் சொன்னார்:
"பச்சைன்னா நல்லது, செவப்புன்னா மோசம்னீங்க.
எனக்கு ரெண்டும் ஒரே நெறம் சார்.
பொறந்ததுலேருந்தே."
அவருக்கு வேண்டியது ஒரே எண்,
இன்றைக்கு எத்தனை பார் உடைக்கணும்.
பதினோரு படத்திலும் அது இல்லை.

கணக்கு பார்க்கும் சீனி நைனாவுக்கு
எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்க ஒரு பொத்தான் போதும்.
அதை மூன்று மெனுவுக்கு அடியில் ஒளித்திருந்தேன்
பார்க்க அழகாயிருக்கட்டும் என்று.

கிளம்பும்போது பிரிஸ்கா கூப்பிட்டாள்.
நீலத் தூண்கள் நிற்கிற படத்தில்
தரையோடு தரையாய் மூன்று இடம்.
"இது என்ன?"
சைபர், என்றேன்.
"எந்த சைபர்?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை விசைப்படகுக்குக் கடல் இல்லை.
வலை கரையில் கிடந்தது, ஆள் வீட்டில் கிடந்தான்.
அது ஒரு சைபர். யாருக்கும் வலிக்காது.
புதன்கிழமை போனார்கள், கச்சான் தூக்கியடித்தது,
முந்நூறு லிட்டர் டீசலைக் குடித்துவிட்டு
படகு பாசியோடு வந்தது.
அந்தச் சைபருக்கு வட்டி உண்டு.

மூன்றாவதன் மேல் அவள் முழங்கையைக்கூட வைக்கவில்லை.
சனிக்கிழமை டோக்கன் வாங்கின படகு.
திரும்பினதாக யாரும் எழுதவில்லை.
"அதுல எங்க வீட்டாளுக ரெண்டு பேரு.
அக்கரையிலேருந்து போன் வந்தாத்தான்
எந்த ஜெயிலுன்னே தெரியும்."

என் நிரல் மூன்றையும் கூட்டி
சராசரி எடுத்திருந்தது.
சராசரிக்குக் கீழே என்று
சிறிய அம்புக்குறி ஒன்றும் போட்டிருந்தது,
கருமலையானுக்குத் தெரியாத சிவப்பில்.

லாட்ஜுக்கு வந்து எட்டுப் படங்களை அழித்தேன்.
ஐஸ் எண்ணை உள்ளங்கை அகலத்துக்கு,
கறுப்பில் போட்டேன்.
பொத்தானை வெளியே எடுத்து வைத்தேன்.
முழங்கை அளவுக்குக் கட்டங்கள்.
போகாத நாளுக்குச் சாம்பல் பூசினேன்.
வெறும் மடிக்குத் தரையில் ஒரு கோடு.
திரும்பாத படகுக்கு என்ன வரைவது என்று
பாம்பன் பாலத்தில் ரயில் இரண்டு தடவை போகும்வரை
உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றும் வரையவில்லை.
கட்டத்தைத் திறந்தபடி விட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து கேட்டார்கள்:
"ஏன் நடுவுல ஓட்டையா இருக்கு?
ரெண்டு பக்கத்தையும் இழுத்துச் சேத்துடலாமே?"
முடியாது சார், என்றேன். டேட்டா இன்னும் வரலை.

இந்த வாரக் கணக்கு வந்திருக்கிறது.
எடைக்கூடம்: நூற்றுப் பதினாலு தடவை.
இரவு ஒரு மணிக்கு, இரண்டரைக்கு, மூன்றுக்கு.
எல்லாம் அந்த ஒரே கட்டத்தில்.

பயன்பாடு கூடியதற்கு
மேலாளர் எனக்குப் பாராட்டு அனுப்பியிருக்கிறார்.