தாரும் ஜிகினாவும்

ஜூன் மாதம் பனி பெய்தது,
ஹெஸ்ஸனில், ஒரு பழைய மாவு ஆலையின் முற்றத்தில்.
காகிதக்கூழ்ப் பனி.
டீசல் மெஷின் ஒன்று இருமி இருமித் துப்பியது.
வெயில் முப்பத்தோரு டிகிரி.
கம்பளி உடுத்த நடிகர்கள்
ஐஸ்பெட்டிக்குள் மணிக்கட்டை நுழைத்தபடி
தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

ஆப்பிள் மரம் அதுபாட்டுக்குப் பச்சையாய் நின்றது.
'பழுத்துவிட்டேன், உலுக்கிவிடேன்' என்று
வருகிறவர் போகிறவரை அது கெஞ்சவேண்டிய காட்சி.
டெட்லெஃப் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்
நாற்பது கிலோ வாங்கிவந்து
நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டான்.
ஒன்றில் ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிட்டான்:
நியூசிலாந்து.

எனக்கு ஒப்பனை வண்டியில் வேலை.
பூசுகிறவள் இல்லை.
பூசியதை எடுக்கிறவள்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்,
தெரியாவிட்டாலும் பாதகமில்லை.
இரண்டு பெண்கள். ஒருத்தி உழைப்பாள், ஒருத்தி மாட்டாள்.
திரும்பி வர ஒரே வாசல்.
முதலாமவள் தலையில் பொன் பொழியும்.
இரண்டாமவள் தலையில் தார்.
சாகும்வரை அந்தத் தார் போகவில்லை என்பதோடு
விளக்கை அணைத்துவிடுவார்கள்,
குழந்தைகள் தூங்கவேண்டும்.

பொன் ஒரே டேக்கில் முடிந்தது.
ஹென்ரிகே கை விரித்தாள், சுழன்றாள்,
சேவல்கூடச் சொன்ன நேரத்தில் கூவியது.

தாருக்கு ஏழு.
சர்க்கரைப் பாகு, கொக்கோ, கரித்தூள்.
முதல் தடவை வாளி கவிழவில்லை.
இரண்டாவதில் பாதிதான் கவிழ்ந்தது.
மூன்றாவதில் குளவிகள் வந்தன.
பிறகு சேவல் ஓடிப்போய்
அதைத் தேடி ஒரு மணி நேரம்.
ஐந்தாவதில் வீப்கேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஆறாவது எனக்கு நன்றாகத்தான் பட்டது.
இயக்குநர் ஓர்ட்ருன் மானிட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்
"இன்னும் கொஞ்சம் அவமானம் வேண்டும்" என்றாள்.
ஏழாவதில் வீப்கே நடிக்கவில்லை.
படத்தில் இருப்பது அதுதான்.

ஒவ்வொரு தடவைக்கும் நடுவே அவள் தலை என் மடியில்.
முதலில் சூரியகாந்தி எண்ணெய்,
பிறகு வெந்நீர், பிறகு சோப்பு.
சோம்பேறி மகளாக நடிப்பதற்கு
காலை மூன்று மணிக்கு எழுந்து
காசலிலிருந்து முதல் ரயில் பிடித்ததாகச் சொன்னாள்.
கதைக்குள் இருந்த யாருக்கும்
ஒரு குவளை எண்ணெய் தோன்றவில்லையா என்று கேட்டேன்.
கண்ணை மூடியபடியே,
"கழுவ ஆள் இருந்தால் கதை ஏது?" என்றாள்.
நாற்பது நிமிடத்தில் போய்விட்டது அந்த ஆயுள் தண்டனை,
காதுமடலின் பின்னால் ஒரு பொட்டு தவிர.
அது இருக்கட்டும் என்றாள். விட்டுவிட்டேன்.

போகாதது பொன்தான்.
மூன்றாம் நாள் ஹென்ரிகே
ஒரு கண் வீங்கி வந்து நின்றாள். இமைக்குள் ஜிகினா.
வண்டியின் வடிகாலில் ஜிகினா,
என் ரொட்டியில், பல் துலக்கும் பிரஷில், சம்பளக் கவரில்.
எண்ணெய்க்கு அசையவில்லை, சோப்புக்கு மசியவில்லை.
பரிசைக் கழுவுவதற்கு
யாரும் எதுவும் கண்டுபிடித்து வைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் மறுநாள் டிவியில் போட்டார்கள்.
என் தங்கையின் பிள்ளைகள் சோபாவில் ஏறி நின்று
தார் விழுந்ததும் கைதட்டினார்கள்.
நான் மரத்தில் அந்த ஸ்டிக்கரைத் தேடிக்கொண்டிருந்தேன்.
இருந்தது. ஒரு நொடி.

நேற்றிரவு ஹானாவில், நாலாம் மாடியில்,
தூக்கம் வராமல் பால்கனிக்கு வந்து
போர்வையை ஓங்கி உதறினேன்.
ஏழு மாதம் கழித்து,
நாலைந்து பொன்துகள்கள் தெருவிளக்கில் மினுங்கி
மெதுவாகக் கீழே இறங்கின.
கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.
ஷ்டீக்லர் தலையை நீட்டி,
பத்து மணிக்கு மேல் மெத்தை துணி உதறக்கூடாது,
கட்டட விதி, பிரிவு எட்டு, என்றார்.
அவர் வழுக்கையில் ஒரு துகள் ஒட்டியிருந்தது.
நான் சொல்லவில்லை.