நூற்றுக்கு இருபத்தெட்டு

பாசல் நகரில் நவம்பர்.
மதியம் மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
இருபத்தைந்து பாகையில் ஒரு கண்ணாடிக் கலம்,
மேலே ஆர்கான் மூடாக்கு.
வெளிக்காற்று எட்டிப் பார்த்தால் எல்லாம் பாழ்.
ஒரு சொட்டுக் காரம் விடுகிறேன்.
மின்முனை யோசித்து ஓர் எண் சொல்கிறது.
இன்னொரு சொட்டு.
இருபத்தொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு:
எந்த உலோகம்
எதை
எவ்வளவு பற்றுகிறது?

ஏடிபிக்கு வாலாக மூன்று பாஸ்பேட்.
எதிர்மின் மொத்தமும் அங்கேதான்.
எந்த அயனி வந்தாலும்
இடம் பிடித்து முதலில் அந்தப் பந்தியில்தான் உட்காரும்.
அதில் அதிசயமில்லை.

உட்கார்ந்த இடத்தை விடாமலே
வால் வளைய, உடல் மடங்க
எட்டிப்போய்
அடினினின் ஏழாம் நைட்ரஜனைத் தொட்டுப் பார்க்கும்.
தொட்டால் வளையம்.
விட்டால் மறுபடி வால்.
மூடும், திறக்கும், மூடும்.
ஒரு நொடிக்குள் எத்தனை முறை என்று
என் மின்முனைக்குத் தெரியாது.
அதற்குத் தெரிந்தது சராசரி.

வால் மட்டும் இருந்தால் பிடி இவ்வளவு,
தலையும் சேர்ந்தால் இவ்வளவு.
கழித்துப் பார்த்து, மிஞ்சியதிலிருந்து
மூடிய பங்கைக் கணக்கிடுவேன்.

மெக்னீசியத்துக்குக் கூச்சம்.
போர்த்திய தண்ணீரைக் கழற்றவே தயங்கும்.
நூற்றில் பத்தோ பதினொன்றோ மூடும்,
அதிலும் பாதி நேரம் நடுவில் ஒரு நீர்த்துளி வைத்துக்கொண்டு.
செம்புக்குத் தயக்கமே கிடையாது,
மூன்றில் இரண்டு பங்கு.
இன்று துத்தநாகம்.
மிஞ்சியது சுழியம் புள்ளி ஒன்று நான்கு.

இதற்குப் பெயர் நிலைப்பு மாறிலி.
உள்ளே ஒன்றுகூட நிலைத்து நிற்பதில்லை.

நாலரைக்கு ரைன் கரைக்கு இறங்கினேன்.
கடைசிப் படகு.
மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை.
ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பி,
கம்பியில் உருளும் கப்பி,
கப்பியிலிருந்து படகுக்கு ஒரு கயிறு.
சுக்கானைச் சாய்த்தால் ஆறே தள்ளிவிடும்;
கட்டிப்போட்ட படகு கரை கடக்கும்.

படகுக்காரி த்ரூதி தினமும் கேட்பாள்,
"இன்னைக்கு யாரு?"
"துத்தநாகம்."
"எவ்வளவு?"
"நூத்துக்கு இருபத்தெட்டு."
சில்லறை எண்ணியே பழகிய தலை அவளுக்கு.
"அட, ஏழு நாள்ல ரெண்டு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.
தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள்.

ஃப்ளூரின் எங்கடினில் ரயில் சுரங்கங்களுக்குக் காரை பூசுகிறவன்.
வெள்ளி இரவு வருவான்,
ஞாயிறு இரவு போவான்.
ஈரக் காலுறைகளை வெப்பக் குழாயில் மறந்துவிட்டுப் போவான்.
பதினான்கு வருடம்.
ஒட்டியும் ஒட்டாமலும் இதென்ன வாழ்க்கை என்று
என் தங்கை ரெகூலா கேட்டாள்.
பதில் சொல்லத் தெரியாமல்
அன்று கேக்கை வெட்டினேன், தேவைக்கு மேல் சிறிதாக.

பிழை எல்லையும் சொல்ல வேண்டும்,
அது எங்கள் கூடத்து ஒழுக்கம்:
கூடவோ குறையவோ ஏழெட்டு.
கணவாயைப் பனி மூடிய வாரங்கள்.
காய்ச்சலோடு வந்து
ஒன்பது நாள் இங்கேயே கிடந்த ஜனவரி.
அந்த ஒன்பது நாளும்
இருவரும் எதற்கெல்லாமோ சண்டை போட்டோம்.

நடு ஆற்றில் கயிறு விறைத்து முனகியது.
தங்கையிடம் இப்போது கேட்டால் என்ன சொல்வேன்?
திறந்திருக்கும்போதும்
அந்த வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது, ரெகூலா.
எழுந்து போகவில்லை.

ஆனால் ஓர் எண்ணை
ஒரு முறை கேட்டு நம்பக்கூடாது.
நாளை காலை புதுக் கரைசல், முதலிலிருந்து.
நாளை வெள்ளி.

கரை தட்டியது. இரண்டு ஃபிராங்க் கொடுத்தேன்.
கயிறு ஆடி அடங்குமுன்பே
சுக்கானை மறுபக்கம் சாய்த்தாள் த்ரூதி.